ஆக்டிவ் கிட்டார், பேஸ் கிட்டார்ல பேட்டரி செக் பண்றது, மாத்துறது எப்படி

என் பேஸ் கிட்டார்ல ஒரு தடவை லோ ஈ ஸ்ட்ரிங்கை அழுத்தி அடிச்சா மட்டும் 'ப்ர்ர்'னு ஒரு பிசிறு வந்துச்சு, மெதுவா வாசிச்சா சுத்தமா இருக்கும், அழுத்தினா உடையும். கேபிள் மாத்தி பாத்தேன், வேற ஆம்ப்ல போட்டு பாத்தேன், பிக்கப்பை கொஞ்சம் கீழ இறக்கி பாத்தேன், ஜாக்கை கழட்டி திரும்ப சால்டர் கூட வெச்சேன், ரெண்டு நாள் இதுலயே போச்சு. கடைசில பின்னாடி மூடியை திறந்து பேட்டரியை எடுத்து மீட்டர்ல வெச்சா 6.8 வோல்ட் காட்டுது. புது பேட்டரி போட்டதும் பிசிறு போனது மட்டும் இல்ல, சவுண்டே நல்லா நிமிர்ந்து நின்னுச்சு, அப்பதான் புரிஞ்சுது இது இன்னிக்கு நேத்து ஆரம்பிச்ச பிரச்சனை இல்ல, பல வாரமா கொஞ்சம் கொஞ்சமா இறங்கிட்டு வந்திருக்கு, நானும் ஆம்ப்ல வால்யூமை ஏத்தி ஏத்தி சமாளிச்சுட்டே இருந்திருக்கேன்னு. பேட்டரி மெதுவா சாகும்போது காதும் அது கூடவே பழகிடும், அதனால காதை நம்பாதீங்க, மீட்டரை நம்புங்க. இந்த ஒரு விஷயத்துக்காகத்தான் இதை எழுதவே உட்கார்ந்தேன்.

முதல்ல உங்க கிட்டார் ஆக்டிவா (உள்ள பேட்டரில ஓடுற சர்க்யூட் இருக்கிறது), பேசிவா (பேட்டரியே இல்லாதது)ன்னு தெரிஞ்சுக்கோங்க. பின்பக்கம் சின்னதா நகத்தால நெம்பி திறக்கிற மாதிரி ஒரு கதவு இருந்தா பெரும்பாலும் அதுதான் பேட்டரி பாக்ஸ். அப்படி கதவு இல்லாதவங்க கண்ட்ரோல் கேவிட்டியோட மூடியை கழட்டி பாக்கணும், குமிழ்களுக்கு நேர் பின்னாடி இருக்கிற பிளாஸ்டிக் தகடு இருக்கே அதுதான். சில மாடல்ல பிக்கார்டுக்கு, அதாவது முன்பக்கம் ஸ்ட்ரிங்குக்கு கீழ இருக்கிற தகடுக்கு அடியில கூட இருக்கும், அதுக்கு ஸ்ட்ரிங்கை தளர்த்த வேண்டி வரலாம். பிக்கப் இருக்கிற அகூஸ்டிக் கிட்டார்லயும் இதே 9 வோல்ட் பேட்டரிதான் அதிகம், பக்கவாட்டுல ப்ரீஆம்ப் (ஆம்புக்கு போறதுக்கு முன்னாடி சிக்னலை சரிபண்ற குட்டி சர்க்யூட்) பெட்டிக்கு உள்ளயோ கீழ ஜாக் பக்கத்துலயோ இருக்கும், உள்ள கைய விட்டா நெக் பிளாக்ல ஒரு சின்ன பைல தொங்குற மாதிரியும் சிலதுல இருக்கும். குமிழ் நிறைய இருக்கிறதால மட்டும் ஆக்டிவ்னு முடிவு பண்ணிடாதீங்க, மூணு நாலு குமிழ் இருக்கிற பேசிவ் கிட்டாரும் நிறைய உண்டு.

பேட்டரி எதுக்குன்னு ஒரு வார்த்தை. சாதாரண பேசிவ் பிக்கப்புக்கு கரண்டே வேண்டாம், காந்தத்து மேல சுத்தின கம்பிச்சுருள்ல ஸ்ட்ரிங் அதிர்ந்தாலே சிக்னல் வந்துடும். ஆக்டிவ்ல ரெண்டு வகை இருக்கு. ஒண்ணு ஈஎம்ஜி கம்பெனி பிக்கப் மாதிரி, பிக்கப்புக்கு உள்ளயே ஒரு குட்டி ஆம்ப் வெச்சிருக்கிறது, இதுல பேட்டரி செத்தா சத்தமே வராது. இன்னொண்ணு பிக்கப் பேசிவ், அதுக்கு அப்புறம் ஒரு ப்ரீஆம்ப் சர்க்யூட், அதுல பாஸ் ட்ரெபிளை கூட்டவும் செய்யலாம் குறைக்கவும் செய்யலாம், 1976-ல வந்த மியூசிக் மேன் ஸ்டிங்ரே பேஸ் இந்த வழியை பெரிய அளவுல பரப்பிச்சு. இந்த ரெண்டாவது வகையில சிலதுல ஆக்டிவ் பேசிவ் மாத்துற சுவிட்ச் இருக்கும், இல்லன்னா வால்யூம் குமிழை மேல இழுத்தா பேசிவ் ஆகும். அது இருந்தா நீங்க அதிர்ஷ்டசாலி, மேடையில பேட்டரி போனாலும் ஒரு தட்டு தட்டிட்டு தொடர்ந்து வாசிக்கலாம், உங்களோடதுல அது இருக்கான்னு இப்பவே பாத்து வெச்சுக்கோங்க.

அடுத்து ஜாக். இதை புரிஞ்சுக்கிட்டா பாதி பிரச்சனை தீர்ந்துது. ஆக்டிவ் கிட்டார்ல ஆன் ஆஃப் சுவிட்ச்னு தனியா பொதுவா இருக்காது, கேபிள் சொருகுறதுதான் சுவிட்ச். உள்ள இருக்கிறது ஸ்டீரியோ ஜாக், அதுல டிப் (பிளக்கோட நுனி தொடுற இடம்), ரிங் (நடு வளையம் தொடுற இடம்), ஸ்லீவ் (அடி உடம்பு தொடுற இடம், கிரவுண்ட்)னு மூணு காண்டாக்ட், பேட்டரியோட மைனஸ் ஒயர் போய் ரிங்ல நிக்கும். நீங்க சாதாரண மோனோ கேபிளை சொருகினா அதோட நீளமான உலோக உடம்பு ரிங்கையும் ஸ்லீவையும் ஒண்ணா சேத்துடும், மைனஸ் கிரவுண்டுக்கு போயிடும், சர்க்யூட் ஆன். கேபிளை உருவினா ஆஃப். அவ்ளோதான் விஷயம். அதனால வாசிச்சு முடிச்சதும் கேபிளை கிட்டார் பக்கம் உருவணும், ஆம்பை ஆஃப் பண்றதால கிட்டார் ஆஃப் ஆகாது. பெடல்போர்டை ஆஃப் பண்ணிட்டு கேபிளை கிட்டார்லயே விட்டுட்டு போறது, வயர்லெஸ் டிரான்ஸ்மிட்டரை சொருகினபடியே பைக்குள்ள வெச்சு ஜிப் போடுறது, ரெண்டும் பேட்டரியை காலி பண்ற வேலை. ஒரு கணக்கு பாருங்க, ஒரு நல்ல ஆல்கலைன் 9 வோல்ட் பேட்டரில குறைஞ்ச இழுப்புக்கு சுமார் 500 மில்லி ஆம்ப் அவர் இருக்கும், ப்ரீஆம்ப் 1 மில்லி ஆம்ப் இழுக்குதுன்னா 500 மணி நேரம் வரும். தினமும் ரெண்டு மணி நேரம் வாசிச்சா எட்டு மாசம். அதே கேபிளை கழட்டாம ஸ்டாண்டுல விட்டா மூணு வாரத்துல முடிஞ்சுது.

இதே காரணத்தால இன்னொரு குழப்பமும் வரும், கைக்கு கிடைச்ச ஸ்டீரியோ கேபிளை, அதாவது நுனியில ரெண்டு கருப்பு வளையம் இருக்குமே அதை, கிட்டார்ல சொருகினா ரிங்கும் ஸ்லீவும் சேராது, சத்தம் வராம போகலாம், பேட்டரி செத்துடுச்சுன்னு நினைப்பீங்க. முதல்ல கேபிளை பாருங்க.

பேட்டரி இறங்குதுன்னு எப்படி தெரியும்? பேஸ் கிட்டார்ல முதல்ல காட்டிக்கொடுக்கிறது தடிமனான ஸ்ட்ரிங்தான், ஸ்லாப் அடிக்கும்போதும் அழுத்தி பிக் போடும்போதும் நோட்டோட ஆரம்பம் மட்டும் உடையும், பின்னாடி நீளுற சத்தம் நல்லாதான் இருக்கும். ஏன்னா 9 வோல்ட்ல ஓடுற சர்க்யூட்ல சிக்னல் நடுவுல 4.5 வோல்ட்ல நின்னு மேலயும் கீழயும் ஆடுது, பேட்டரி 7-க்கு இறங்கினா ஆடுற இடமே சுருங்கிடும், பெரிய அலை போய் கூரையில இடிக்கும், அந்த இடிதான் பிசிறு. பாஸ் குமிழை கூட்டி வெச்சிருந்தா இன்னும் சீக்கிரம் இடிக்கும். இது தவிர சத்தம் குறையறது, பஞ்ச் இல்லாம சப்புன்னு ஆகுறது, பத்து நிமிஷம் வாசிச்சதும் மங்கி மங்கி போயிட்டு கேபிளை உருவி கொஞ்ச நேரம் விட்டு சொருகினா திரும்ப உயிர் வர்றது, இதெல்லாம் அடையாளம். அந்த கடைசி விஷயம் நிறைய பேரை ஏமாத்தும், ஓய்வு குடுத்தா தீர்ந்த பேட்டரிகூட வோல்டேஜ்ல கொஞ்சம் மேல ஏறி நிக்கும், காலையில செக் பண்ணா பரவாயில்லைன்னு தோணும், சாயங்காலம் கால வாரிடும்.

இப்ப மீட்டர். விலை குறைஞ்ச டிஜிட்டல் மல்டிமீட்டரே போதும். டயலை டிசி 20 வோல்ட்ல வைங்க, சிவப்பு முனை பிளஸ்ல, கருப்பு முனை மைனஸ்ல. புது ஆல்கலைன் பேட்டரி 9.3-லிருந்து 9.6 வரைக்கும் காட்டும், 9 மட்டும்தான் வரணும்னு இல்ல. நான் வெச்சிருக்கிற கணக்கு இதுதான்: 9-க்கு மேல இருந்தா கவலை இல்ல, 8.5 கிட்ட வந்தா புதுசு ஒண்ணு வாங்கி பைல போட்டுக்குவேன், 8-க்கு கீழ இறங்கினா எந்த நிகழ்ச்சிக்கும் அதோட போக மாட்டேன், 7.5 ஆச்சுன்னா வீட்டுல வாசிக்கக்கூட மாத்திடுவேன். முடிஞ்சவரைக்கும் கேபிள் சொருகி பத்து நிமிஷம் வாசிச்சுட்டு, கேபிள் உள்ள இருக்கும்போதே அளங்க, ஓய்வுல இருக்கிற நம்பரை விட அதுதான் உண்மைக்கு கிட்ட. வெளிய எடுத்த பேட்டரின்னா 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒண்ணை ரெண்டு முனைக்கும் குறுக்க பிடிச்சுட்டு அளக்கலாம், நல்ல பேட்டரி அசையவே அசையாது, சட்டுனு ஒரு வோல்ட் விழுந்தா அது தேறாது.

ஒண்ணு மட்டும் மறக்காதீங்க, மீட்டர் டயல் மில்லி ஆம்ப்ல இருக்கும்போது பேட்டரியோட ரெண்டு முனையிலயும் நேரா வெச்சுடாதீங்க, அது ஷார்ட் பண்ற மாதிரி, மீட்டரோட ஃப்யூஸ் போயிடும்.

கிட்டாரை திறக்காமலேயே பாக்க ஒரு வழி இருக்கு, பின்மூடில ஏழெட்டு ஸ்க்ரூ இருக்கிறவங்களுக்கு ரொம்ப உதவும். ஜாக் மேல சொன்ன மாதிரி ஒயரிங்ல இருந்தா, ஸ்டீரியோ கேபிள் ஒண்ணை கிட்டார்ல சொருகிட்டு அந்த கேபிளோட மறுமுனையில மீட்டரோட கருப்பை ரிங்லயும் சிவப்பை ஸ்லீவ்லயும் வைங்க, பேட்டரி வோல்டேஜ் ப்ரீஆம்ப் வழியா வந்து தெரியும். நடுவுல சர்க்யூட் இருக்கிறதால நிஜ அளவை விட கொஞ்சம் குறைச்சு காட்டும், அதனால புது பேட்டரி போட்ட அன்னிக்கே இந்த மாதிரி ஒரு தடவை அளந்து நம்பரை எழுதி வெச்சுட்டா அப்புறம் ஒப்பிட்டு பாத்துக்கலாம்.

மாத்துற வேலை

ஆம்ப் வால்யூமை பூஜ்யத்துக்கு கொண்டு வந்துட்டு கேபிளை உருவிடுங்க. மேஜை மேல தடியான துணி விரிச்சு கிட்டாரை குப்புற படுக்க வைங்க, நெக்குக்கு அடியில சுருட்டின துண்டு ஒண்ணு கொடுங்க, இல்லன்னா குமிழ் மேலயும் பிரிட்ஜ் மேலயும் மொத்த எடையும் இறங்கும். கதவு வெச்ச பேட்டரி பாக்ஸ்னா நாக்கை அழுத்தினா திறக்கும், அந்த பிளாஸ்டிக் நாக்கு சீக்கிரம் உடையும், ஸ்க்ரூ டிரைவரை விட்டு நெம்பாம விரலாலயே திறங்க, உள்ள பிளஸ் மைனஸ் குறி போட்டிருக்கும், அதை பாத்து போட்டா முடிஞ்சுது.

மூடியை கழட்டுற மாடல்லதான் கவனம் வேணும். ஸ்க்ரூ தலைக்கு சரியா பொருந்துற ஸ்டார் டிரைவர் எடுங்க, பொருந்தாததை வெச்சு திருகினா தலை தேஞ்சு போய் அப்புறம் எடுக்கவே முடியாது. அந்த ஸ்க்ரூ எல்லாம் நேரா மரத்துல ஏறுறது, ஒவ்வொரு தடவையும் புதுசா முறுக்கினா மரம் அரிச்சு ஓட்டை லூஸ் ஆகிடும், அதனால திரும்ப போடும்போது முதல்ல இடது பக்கமா மெதுவா சுத்துங்க, ஒரு இடத்துல 'டக்'னு கீழ இறங்குற மாதிரி விரல்ல தெரியும், அங்கதான் பழைய மரை, அங்கிருந்து வலது பக்கம் திருப்பினா எதிர்ப்பே இல்லாம போகும். மூடி பிடிச்சு நின்னா போதும், இறுக்காதீங்க.

உள்ள பேட்டரி ஒரு ஸ்பாஞ்ச் துண்டுல சுத்தியோ கிளிப்ல மாட்டியோ இருக்கும். மேல ஒட்டியிருக்கிற கனெக்டர் சட்டையில இருக்கிற பிரஸ் பட்டன் மாதிரிதான், ஒயரை பிடிச்சு இழுக்காதீங்க, ஒயர் உள்ள மெல்லிசா சால்டர் பண்ணியிருக்கும், ரெண்டு தடவை இழுத்தா மூணாவது தடவை கையோட வந்துடும். கனெக்டரோட தலையை பிடிச்சு ஒரு ஓரத்துல நகத்தையோ தட்டை டிரைவரையோ லேசா கொடுத்து தூக்குங்க, ஒரு பட்டன் விட்டதும் இன்னொண்ணு தானா வரும்.

புது பேட்டரியில சின்ன வட்டமான குமிழ் பிளஸ், பெருசா இதழ் விரிச்ச மாதிரி இருக்கிறது மைனஸ். தலைகீழா மாட்ட முடியாதுதான், ஆனா தொட முடியும், அதுதான் ஆபத்து. கனெக்டரை தப்பா திருப்பி ஒரு நொடி தட்டினாலும் பாதுகாப்பு டையோடு இல்லாத ப்ரீஆம்ப் போயிடலாம். இருட்டுல, மேடை ஓரத்துல, அவசரத்துல மாத்தும்போதுதான் இது நடக்கும், ஃபோன் டார்ச் போட்டு கண்ணால பாத்துட்டு அப்புறம் அழுத்துங்க. அழுத்தும்போது 'க்ளிக்'னு ரெண்டு பக்கமும் உட்காரணும். லூசா ஆடுச்சுன்னா கனெக்டர்ல இருக்கிற இதழை குறடால மிக லேசா உள்பக்கம் நெருக்குங்க, கிட்டாரை அசைக்கும்போது சத்தம் விட்டு விட்டு வர்றதுக்கு பல நேரம் இந்த லூஸ் இதழ்தான் காரணம். அதுக்கும் சரியாகலைன்னா கனெக்டரையே மாத்துறது நல்லது, சிவப்பு ஒயர் ப்ரீஆம்போட பிளஸ்க்கு, கருப்பு ஜாக்கோட ரிங்குக்கு, ரெண்டே சால்டர் புள்ளி, ஏற்கனவே இருந்த இடத்தை ஃபோட்டோ எடுத்துட்டு செய்ங்க.

பேட்டரியோட உலோக உடம்பு குமிழுக்கு அடியில இருக்கிற பொட்டென்ஷியோமீட்டரோட காலையோ காப்பர் ஷீல்டிங்கையோ தொடக்கூடாது, ஒரு மெல்லிய ஸ்பாஞ்ச்ல சுத்தி வெச்சா ஷார்ட்டும் ஆகாது, லடலடன்னு ஆடவும் ஆடாது. பழைய ஸ்பாஞ்ச் பிசுபிசுன்னு கோந்து மாதிரி ஆகியிருந்தா தூக்கி போட்டுட்டு புதுசு வைங்க. மூடியை வைக்கிறதுக்கு முன்னாடி ஒயர் எதுவும் ஓரத்துல மாட்டலையான்னு விரலால தடவி பாத்துட்டு, கேபிள் சொருகி லோ ஸ்ட்ரிங்கை நல்லா அழுத்தி அடிச்சு கேளுங்க, சரியா இருந்தா அப்புறம் ஸ்க்ரூ போடலாம்.

ரெண்டு பேட்டரி இருக்கிற 18 வோல்ட் மாடல்ல ரெண்டையும் சேத்துதான் மாத்தணும். தொடர்ல இருக்கிறதால ஒண்ணு பழசு ஒண்ணு புதுசுன்னு போட்டா பழசு சீக்கிரம் தரைதட்டி, புதுசையும் வீணாக்கி, ஒழுகவும் ஆரம்பிக்கும். தனித்தனியா அளந்து பாருங்க, ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே நம்பர் காட்டணும். 9 வோல்ட் கிட்டாரை 18-க்கு மாத்துறதை பத்தி நிறைய பேர் கேப்பாங்க, ஹெட்ரூம், அதாவது உடையாம சிக்னல் ஆடுற இடம் கூடும்ன்றது உண்மைதான், ஈஎம்ஜி பிக்கப்கள் 27 வோல்ட் வரைக்கும் தாங்கும், ஆனா எல்லா ப்ரீஆம்பும் அப்படி இல்ல, உங்க மாடலோட மேனுவல்ல அதிகபட்ச வோல்டேஜ் போட்டிருந்தா மட்டும் கை வைங்க.

எந்த பேட்டரி வாங்கலாம்? ஆல்கலைன், வேற யோசனையே வேண்டாம்னு சொல்வேன். பேட்டரி மேல 6எல்ஆர்61-னு இருந்தா ஆல்கலைன், 6எஃப்22-னு இருந்தா கார்பன் ஜிங்க், பாக்க ஒரே மாதிரி இருக்கும், கார்பன் ஜிங்க் சீக்கிரம் தீரும், ஒழுகவும் செய்யும், பல ஆயிரம் போட்டு வாங்கின கருவிக்குள்ள அதை வெக்காதீங்க. ரீசார்ஜ் பண்ற நிக்கல் வகையில நிறைய 8.4 வோல்ட்தான், கொள்ளளவும் கம்மி, சும்மா வெச்சாலே இறங்கும். யூஎஸ்பில சார்ஜ் ஏத்துற லித்தியம் 9 வோல்ட்ல உள்ள ஒரு கன்வர்ட்டர் சர்க்யூட் இருக்கும், சில கிட்டார்ல அது 'ஙீ'ன்னு ஒரு மெல்லிய சத்தத்தை சேக்கும், போட்டு கேட்டுட்டு முடிவு பண்ணுங்க. இன்னொரு விஷயம், அது தீர்ற வரைக்கும் ஒரே வோல்டேஜ் காட்டிட்டு திடீர்னு நின்னுடும், மீட்டர் முன்கூட்டி சொல்லாது.

புது பேட்டரி போட்டும் ஒரு மாசத்துல தீருதுன்னா இழுப்பை அளக்கணும். மீட்டரை மில்லி ஆம்ப்ல வெச்சு, கனெக்டரோட ஒரு பட்டனை மட்டும் மாட்டி பேட்டரியை பக்கவாட்டுல திருப்பி விட்டுட்டு, மாட்டாம நிக்கிற பேட்டரி முனைக்கும் கனெக்டரோட மறு பட்டனுக்கும் நடுவுல மீட்டர் முனைகளை வைங்க. கேபிள் சொருகினா ஈஎம்ஜி 81 ஒண்ணுக்கு 0.08 மில்லி ஆம்ப் மாதிரி ரொம்ப குட்டியாவும், ப்ரீஆம்புக்கு 1 கிட்டவோ கொஞ்சம் கூடவோ காட்டலாம். இப்ப கேபிளை உருவுங்க, பூஜ்யம் ஆகணும். ஆகலைன்னா ஜாக்ல ரிங் நாக்கு வளைஞ்சு ஸ்லீவை தொட்டுட்டு இருக்கு, இல்லன்னா யாரோ மோனோ ஜாக்கை மாத்தி போட்டிருக்காங்க, ரெண்டுக்கும் ஜாக்கை பாக்கணும், எத்தனை பேட்டரி மாத்தினாலும் தீராது.

ஒழுகின பேட்டரியை பாத்தா பயப்படாதீங்க, ஆனா கையுறை போட்டுக்கோங்க. ஆல்கலைன் ஒழுகினா வெள்ளை பொடி மாதிரி படியும், அது காரம், அதனால காது குடையிற பஞ்சுக் குச்சில வினிகரோ எலுமிச்சை சாறோ துளி தொட்டு கனெக்டர்ல தடவினா பொங்கி அடங்கும், அப்புறம் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்ல துடைச்சு நல்லா காய விட்டு புது பேட்டரி போடுங்க. நேரா கிட்டாருக்குள்ள ஊத்திடாதீங்க, மரத்துல இறங்கிடும். மூணு நாலு மாசம் தொட மாட்டோம்னு தெரிஞ்சா பேட்டரியை கழட்டி வெளிய வெச்சுட்டு போறதுதான் நல்லது.

புதுசு மாட்டுற அன்னிக்கு ஒரு துண்டு மாஸ்கிங் டேப்ல தேதி எழுதி பேட்டரி மேலயே ஒட்டிடுங்க. ரெக்கார்டிங், நிகழ்ச்சி இருந்தா முந்தின நாளே அளந்து பாருங்க, அன்னிக்கு கிளம்புற நேரத்துல வேண்டாம். பைல ஒரு ஸ்பேர் எப்பவும் இருக்கட்டும், ஆனா அதோட ரெண்டு முனை மேலயும் டேப் ஒட்டி வைங்க. 9 வோல்ட் பேட்டரில பிளஸ்ஸும் மைனஸும் ஒரே பக்கம் ஒட்டி ஒட்டி இருக்கு, அதே ஜிப்புக்குள்ள சுருட்டி வெச்ச ஸ்பேர் ஸ்ட்ரிங்கோ சாவிக்கொத்தோ குறுக்க விழுந்தா போதும், ஷார்ட் ஆகி சூடேறி துணி பையை பத்த வைக்கிற அளவுக்கு போகும். கழட்டின பழைய பேட்டரிக்கும் அதே டேப், குப்பையில போடாம பேட்டரி சேகரிக்கிற இடத்துல கொடுக்கிற வரைக்கும் அது முனை மேலயே இருக்கட்டும்.